இரண்டாவது வாய்

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு நண்பரைக் காஜாங்கிற்கு அழைத்துப்போனேன். இலக்கியச் சந்திப்பு ஒன்றில் பழக்கமானவர். நல்ல வாசகர். பிரிக்பீல்ட்ஸில் தங்கியிருந்தார். மூன்று நாள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ‘இதெல்லாம் எங்க ஊர்லயே கிடைக்குதுங்க, உங்க ஊர்ல என்ன விசேஷம்?’ என்று கேட்டார். காஜாங்காரனிடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. மியூசியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி ஏறினோம். ஸ்டேடியம் காஜாங்கில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கரிப்புகை வாசம் வந்துவிடும். இருபது குச்சி கோழி சாத்தே சொன்னேன். அவர் படம் எடுத்தார், சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். நான் ஊர்ப் பெருமை பேசினேன். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.

ஊருக்குப் போனதும் மலேசியப் பயணத்தைத் தொடராக எழுதினார். அதில் காஜாங்கிற்கு ஒரு பத்தி கிடைத்தது. குச்சியில் குத்திச் சுட்ட கறி. தொட்டுக்கொள்ள இனிப்பு தூக்கலான வேர்க்கடலைச் சட்னி. விலை பரவாயில்லை. சாத்தே என்ற சொல்லே நம்முடைய ‘சதை’யிலிருந்து போனதுதான். பத்தி முடிந்தது, அடுத்த பத்தியில் பத்துமலை வந்துவிட்டது.

நம்ம ஊர் பெயர் அச்சில் வந்ததுபோல எனக்குச் சந்தோஷம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னது ஒன்றுதான்.

‘எப்படி இருந்துச்சாம்?’

‘இனிப்பா இருந்துச்சாம்மா.’

‘அவ்ளோதானா?’

அம்மாவுக்கு 56 வயது. காஜாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி, காஜாங் டவுனுக்கே குடிவந்தவர். இன்றுவரை ஒரு குச்சி சாத்தேகூட வாயில் வைத்ததில்லை. அந்த ‘அவ்ளோதானா’ என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

*

அம்மா சாப்பிடாததற்குக் காரணம் எளிது. சாத்தே கடையில் கோழியும் மாடும் ஒரே கரியில் வேகும். எண்ணெய் தடவும் செரைத் தண்டு ஒன்றுதான், இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்குப் போகும். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி இல்லை. பாட்டி காலத்தில் அந்த அடுப்புப் பக்கமே போகமாட்டார்களாம். நான் படிவம் மூன்றில் நண்பர்களோடு ஒளிந்து சாப்பிட்டவன். சட்டையில் புகை வாசம் போகவேண்டும் என்று பஸ் நிலையத்தை இரண்டு முறை சுற்றி வந்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, குளித்துவிட்டு வா என்றார். இன்றைக்கும் அதுதான் ஏற்பாடு. நான் சாப்பிடலாம், வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது.

இதை எங்கள் வீட்டு விசித்திரமாக நான் சொல்லவில்லை. கிள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் என்றதும் சாப்பாட்டுப் பிரியர்கள் சொல்வது பா குட் தே. பன்றி எலும்பை மூலிகைகளோடு கொதிக்கவைக்கும் சீனர் சூப். 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபு உணவுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது இங்கே எவ்வளவு வாக்குவாதம் நடந்தது என்பது நினைவிருக்கும். கிள்ளானில் வாழும் மலாய்க்காரர்கள் அதைத் தொடமுடியாது. அங்குள்ள தமிழர்களிலும் நிறையப் பேர் தொடுவதில்லை. ஆனால் அந்த வாசம் இல்லாத காலைநேரத்தை அவர்களால் நினைத்துப்பார்க்கவும் முடியாது. ஊரின் பெயரைச் சுமக்கிற உணவை அந்த ஊரில் பாதிப்பேர் சாப்பிடாமலேயே வாழ்ந்து முடிப்பது எங்கள் நாட்டில் சாதாரணம்.

சுற்றுலா வருகிறவருக்கு இந்தப் பாதி தெரிவதில்லை. ஒரு ஊரை அறிய அதன் உணவைச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாப்பிட்டால் ஊர் தெரிந்துவிடும் என்றால் இரண்டு மணி நேரம் இருந்த என் நண்பருக்குக் காஜாங் தெரியும், 56 வருடம் இருந்த அம்மாவுக்குத் தெரியாது.

*

தமிழ்ப் பயண எழுத்தில் சாப்பாடு எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். வாசித்தவரைக்கும் சொல்கிறேன்.

ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் நூலாக வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்தவர், காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். தன்னைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார். அவர் எழுத்தில் நாக்கைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். அப்படியும் ஒரு நேர்மை உண்டு. தனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை ஊரைப் பற்றிய செய்தியாக அவர் மாற்றுவதில்லை.

அதற்குப் பிறகு வந்த பத்திரிகைக் காலத்தில் நிலைமை மாறுகிறது. விகடனில் மணியன் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ பயணத் தொடர் எத்தனையோ குடும்பங்களுக்கு வெளிநாட்டைக் காட்டியது. அவரைப் பற்றி ஒரு பழைய கேலியும் உண்டு. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு தமிழர் வீட்டில் தயிர்சாதம் கிடைத்துவிடும் என்று. சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ இந்த ஆசையையே நகைச்சுவையாக்கி உச்சிக்குக் கொண்டுபோன கதை. அதில் தஞ்சாவூர்க் கல்யாணமே கடல் தாண்டிப் போகிறது. அப்பளம் இடப் பாட்டிமார்களை விமானத்தில் ஏற்றுகிறார்கள். நாம் போய் அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிடும் சங்கடமே இல்லை, நம் பந்தியில் அவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சாவி சிரிக்க வைக்கத்தான் எழுதினார். ஆனால் சிரிப்புக்கு அடியில் இருக்கும் பயம் உண்மையானது.

இன்றைய காணொளிக்காரர்கள் இதற்கு நேர் எதிர். பாங்காக் போனால் தேள், வியட்நாம் போனால் பாம்பு, மலேசியா வந்தால் டுரியான். தட்டைக் கேமராவிடம் காட்டி, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, இரண்டு விநாடி மௌனம். அப்புறம் ‘வேற லெவல்’. தேளுக்கும் அதுதான், தேங்காய்ப்பால் சோற்றுக்கும் அதுதான்.

தயிர்சாதம் தேடியவரை நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. சாப்பிடாமல் இருப்பதும் ஒரு பதிவுதான். ‘இதை என்னால் சாப்பிடமுடியாது’ என்று ஒருவர் எழுதினால், அவர் எங்கிருந்து வருகிறார் என்பது அங்கே இருக்கிறது. குறை சாப்பிடாததில் இல்லை, சாப்பிடாத பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்காததில் இருக்கிறது. அம்மா சாப்பிடமாட்டார், ஆனால் ‘எப்படி இருந்துச்சாம்’ என்று கேட்டார். தயிர்சாதத்துக்கு அந்தக் கேள்வி கிடையாது. காணொளிக்காரரோ எல்லாவற்றையும் சாப்பிடுகிறார். அவருக்கும் அந்தக் கேள்வி கிடையாது, பதிலை முன்பே வைத்திருக்கிறார்.

என் நண்பரின் பத்தியில் இன்னொரு பழக்கம் இருந்தது. அது இவை இரண்டையும்விடப் பழையது. உணவைக் கண்டதும் சொல்லாராய்ச்சியில் இறங்குவது.

*

சாத்தே, சதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானே பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஹொக்கியன் பேசும் என் நண்பன் ஒருவன், ‘சா தே’ என்றால் மூன்று துண்டு, இது எங்கள் சொல் என்பான். ஜாவாக்காரரைக் கேட்டால் சிரிப்பார். இந்தோனேசியாவில் சாத்தேயின் தாய்வீடாகச் சொல்லப்படுவது ஜாவா. இந்திய, அரபு முஸ்லிம் வியாபாரிகளின் கபாபைப் பார்த்து ஜாவாவின் தெருக்கடைக்காரர்கள் தங்கள் மசாலாவில் செய்துகொண்டது என்பது பரவலாக ஏற்கப்படும் வரலாறு. காஜாங்கிற்கு அதைக் கொண்டுவந்து பெயர் வாங்கிக் கொடுத்தவர்களும் ஜாவாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள்தான்.

மலாய் மொழியில் தமிழ் இருக்கிறது, சந்தேகமில்லை. கெடாய் கடைதான், காரி கறிதான், ஆப்பாம் ஆப்பம்தான், காப்பால் கப்பல்தான். ஆனால் சொல்லைக் கண்டுபிடித்ததும் நம் ஆட்கள் பேனாவை மூடிவிடுகிறார்கள். ‘இது நம்முடையது’ என்றபின் அந்த உணவில் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்பதுபோல. தயிர்சாதம் தேடிப் போவதற்கும் சாத்தேக்குள் சதையைத் தேடுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், சொல் எங்களுடையது என்று உரிமை கொண்டாடுகிற எங்கள் ஆட்களில் பலர் அந்தத் தட்டைத் தொடமாட்டார்கள்.

அந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது? காஜாங் சாத்தேயின் துண்டுகள் மற்ற ஊரைவிடப் பெரியவை. மஞ்சள், செரை, லெங்குவாஸ், மல்லி, சர்க்கரை போட்டு ஊறவைத்த கறி. குழம்பும் உறைப்பும் தனித்தனியாக வரும். கடலைக் குழம்பு இனிப்பாக இருக்கும், பக்கத்தில் எண்ணெயில் வதக்கிய மிளகாய் விழுது ஒரு கரண்டி. எவ்வளவு கலப்பது என்பது சாப்பிடுகிறவர் பாடு. என் நண்பர் மிளகாய் விழுதைக் கலக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவர் எழுதிய ‘இனிப்பு தூக்கல்’ காஜாங்கின் குறை அல்ல, பாதிதான் சாப்பிட்டதன் குறை. கூடவே நாசி இம்பிட், அமுக்கிக் கட்டம் கட்டமாக வெட்டிய சோறு. பச்சை வெங்காயம், வெள்ளரி. சாப்பிட்டு முடித்ததும் குச்சியை எண்ணிக் காசு.

ஊரைப் பற்றியும் இரண்டு வரி. காஜாங் டவுனைக் கட்டியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். டவுனைச் சுற்றி ரப்பர். நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று 1890களில் காஜாங்கில்தான் தொடங்கியது, பெயர் இஞ்ச் கென்னத். ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒரு சின்னத் தீவின் பெயர். பால்மரம் சீவ வந்தவர்கள் தமிழர்கள். ஆக ஸ்காட்லாந்துத் தீவின் பெயரில் ஒரு தோட்டம், அதில் தமிழர்கள், டவுனில் சீனர் கடை, கடை வாசலில் ஜாவாக்காரர் விசிறும் கரி. இவ்வளவும் ஒரே புகையைச் சுவாசித்த ஊர். ‘சதை’ என்று ஒரே சொல்லில் முடித்தால் இதில் முக்கால்வாசி வெளியே நின்றுவிடும்.

நான் இதையெல்லாம் எழுதிக் கண்டித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நடுவில் மேடான் வந்துவிட்டது.

*

மேடானுக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். பாங்கியில் பல்கலைக்கழக விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். நான், இன்னொரு தமிழ் நண்பன், ஒரு மலாய் நண்பன், ஒரு சீன நண்பன். விமானத்தில் ஒரு மணி நேரம்தான், பினாங்குக்குக் காரில் போவதைவிடச் சீக்கிரம்.

மலேசிய நண்பர் கூட்டத்தோடு வெளிநாட்டில் சாப்பிடுவது ஒரு தனிப் பொறியியல். ஒருவனுக்கு ஹலால் வேண்டும். இருவருக்கு மாடு ஆகாது. ஒருவனுக்குப் பன்றி வேண்டும், ஆனால் வாயைத் திறந்து கேட்கமாட்டான். எல்லாக் கட்டுப்பாடுகளையும் போட்டுத் தீர்த்தால் கடைசியில் மிஞ்சுவது கோழி. நம் தேசியப் பறவை இருவாச்சி என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் வாட்சப் குழுவைக் கேட்டால் கோழி என்றுதான் வரும்.

முதல் நாள் சோத்தோ மேடான். தேங்காய்ப்பால் விட்ட கோழி சூப். சாப்பிட்டதும் நான் சொன்னேன், ‘நம்ம சோத்தோ மாதிரி தெளிவா இல்ல.’ அடுத்து பிக்கா அம்போன். தேன்கூடு மாதிரி துளைத்துளையாக இருக்கும் மஞ்சள் பலகாரம். பெயரில் அம்போன் தீவு இருந்தாலும் பலகாரம் மேடானுடையதுதான் என்று விற்பவர் சொன்னார். அதற்கு நான், ‘நம்ம பிங்காங் மாதிரி இருக்கு.’ சாயங்காலம் கோப்பிக்கடையில், ‘நம்ம கோப்பி பரவால்ல.’ மலாய் நண்பன் சிரித்துவிட்டான். ‘டேய், நீ காஜாங்கைத் தலையில தூக்கிட்டு வந்திருக்க. கீழ வச்சிட்டுச் சாப்பிடு லா.’

சுருக்கென்றது. கோயம்புத்தூர் நண்பரைப் பற்றி நான் மனதுக்குள் எழுதிவைத்திருந்த கண்டனம் அப்படியே எனக்குப் பொருந்தியது. அவர் கடலைக் குழம்பில் சட்னியைப் பார்த்தார், நான் பிக்கா அம்போனில் பிங்காங்கைப் பார்த்தேன்.

நான் வேலை செய்வது ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒருமுறை அளந்துவிட்டு முடிவு எழுதாதே என்பதுதான். ஒரே பொருளை ஒரே கருவியால் திரும்பத் திரும்ப அளப்போம், ஆளை மாற்றியும் அளப்போம். பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன் கருவியைச் சந்தேகப்படவேண்டும். ஒற்றை அளவீட்டில் வரும் எண் பொருளுடையதா கருவியுடையதா என்று பிரிக்கவே முடியாது. முதல் வாயும் அப்படித்தான். நாக்குதான் பேசுகிறது. அம்மா கையால் வளர்ந்த நாக்கு. ‘இனிப்பு’, ‘காரம் கம்மி’, ‘நம்ம மாதிரி’ எல்லாம் நாக்கைப் பற்றிய தகவல்கள்.

*

இரண்டாம் நாள் இரவு சாத்தே பாடாங் கடை. பாடாங் வழக்கத்துச் சாத்தேயில் மாட்டுக்கறி, மாட்டு நாக்கு. கடலைக் குழம்பு கிடையாது. அரிசி மாவு கரைத்துக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பை மேலே ஊற்றி, பொரித்த வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். மலாய் நண்பனுக்கு ஆசை. நாங்கள் மூவரும் பக்கத்தில் உட்கார்ந்து இனிப்புத் தேத்தண்ணி குடித்தோம்.

அவன் ஒரு குச்சியை எடுத்து வாயில் வைத்தான். நான் என்னை அறியாமல் கேட்டேன்.

‘எப்படி இருக்கு?’

கேட்டபிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

அவன் மென்றுகொண்டே யோசித்தான். ‘காரமா இருக்கு,’ என்றான். அப்புறம், ‘உங்க அம்மா தீபாவளிக்கு ஒரு தண்ணிக் குழம்பு தருவாங்கல்ல, மிளகு போட்டு? அதுல கஞ்சியக் கலந்த மாதிரி.’ ரசத்தைச் சொல்கிறான். வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வருகிறவன். பிறகு இன்னொரு வாய் வைத்தான். தலையை ஆட்டினான். ‘இல்ல இல்ல, தப்பா சொல்லிட்டேன். மிளகு இல்ல. இஞ்சி மாதிரி ஏதோ. காரம் முதல்ல தெரியல, முழுங்கினதும்தான் வருது. கறியவிடக் குழம்புதான் முக்கியம் போல.’ கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டான். அவர் இஞ்சி, லெங்குவாஸ், மஞ்சள், சீரகம் என்று விரல் மடக்கிச் சொல்லி, எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் மாவு கரைப்பது என்றார். நண்பன் எனக்கு மொழிபெயர்ப்பதுபோல அதையே திரும்பச் சொன்னான். எனக்கும்தான் மலாய் தெரியும். ஆனால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

உணவைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல விமர்சனம் அதுதான். அவனும் ஒப்பிட்டுத்தான் சொன்னான், என் அம்மாவின் ரசத்தோடு. ஒப்பிடுவதே தவறு என்றால் அவனும் தப்பித்திருக்க முடியாது. கேட்பவனுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால்தான் தெரியாததற்குப் போகமுடியும். என் நண்பர் ‘சட்னி’ என்று எழுதியதும் அவருடைய வாசகர்களுக்காகத்தான், அதில் தவறில்லை. வித்தியாசம் அடுத்த வாயில் இருக்கிறது. இவன் இரண்டாவது வாய் வைத்துவிட்டுத் தன் ஒப்பீட்டைத் தானே திருத்தினான். அவர் முதல் வாயோடு நிறுத்திக்கொண்டார். நானும் மேடானில் அன்றுவரை எல்லாவற்றிலும் முதல் வாயோடு நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் இன்னொன்று நடந்தது. சீன நண்பன் முந்தின இரவு தூக்கம் வரவில்லை என்று தனியாக வெளியே போய்விட்டு வந்திருந்தான். காரோ மக்களின் சுட்ட பன்றிக்கறி மேடானில் பெயர்பெற்றது. அவன் எங்கே போனான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நாங்கள் பழகிய நாகரிகம். பள்ளியிலிருந்தே அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். ஒரே மேசையில் உட்காருவோம், பக்கத்துத் தட்டைப் பார்க்கமாட்டோம். சண்டை வராது. ஆனால் இருபது வருடம் சேர்ந்து சாப்பிட்டாலும் ஒருவன் நாக்கில் என்ன இருக்கிறது என்று இன்னொருவனுக்குத் தெரியாது. அன்று காலை மற்ற இருவரும் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவனிடம் கேட்டேன், ‘நேத்து எப்படி இருந்துச்சு?’ ஒரு கணம் திகைத்தான். பிறகு அரை மணி நேரம் பேசினான்.

*

மேடானுக்குப் போகும்போது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பையில் வைத்திருந்தேன். கெசாவன் வீதியில் நடந்தபோது இரண்டு மூன்று பக்கம் திறந்து பார்த்தேன். சிங்காரம் 1938இல், பதினெட்டு வயதில், மேடானுக்கு வேலைக்கு வந்தவர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். நாவல் வெளிவந்தது 1972இல்.

இந்தப் பேச்சில் அவரை ஏன் இழுக்கிறேன் என்றால், அவருடைய தமிழுக்காக. மலாய்ச் சொற்கள் அந்த உரைநடையில் விருந்தாளிகளாக வருவதில்லை, வேலைக்கு வந்தவர்களாகக் கலந்துவிடுகின்றன. அதே மூச்சில் மதுரைத் தெருவும் சின்னமங்கலத்துச் சந்தையும் வருகின்றன. மேடானை மதுரையால் அளப்பதில்லை, மதுரையை மறைப்பதும் இல்லை. அவர் முதல் வாயோடு திரும்பிப் போகமுடியாதவர். எட்டு வருடம், நடுவில் ஒரு போர். எழுதும்போது இன்னும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு தள்ளியாவது நூலானது. சுற்றுலா போகிறவர்களுக்கு அவ்வளவு நாள் கிடைக்காது, எனக்கும் மூன்று நாள்தான் கிடைத்தது. ஆனால் திரும்பக் கேட்கவும் திருத்தி எழுதவும் எட்டு வருடம் தேவையில்லை.

மேடானில் பழைய தமிழர் பகுதி ஒன்று உண்டு. கம்போங் கெலிங் என்றிருந்த பெயர் இப்போது கம்போங் மெட்ராஸ். 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு, பழக்கதோஷத்தில், இங்கே நல்ல இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். தமிழ் நண்பன் என்னைப் பார்த்தான். கேட்கவில்லை.

*

வீட்டுக்கு ஒரு பெட்டி பிக்கா அம்போன் வாங்கி வந்தேன். அம்மா ஒரு துண்டு சாப்பிட்டார். ‘பிங்காங் மாதிரி இருக்கு’ என்றார். நான் சிரித்தேன். இன்னொரு துண்டு எடுத்துப் பிட்டுப் பார்த்து, ‘இது புளிக்க வச்சது. அதான் ஓட்ட ஓட்டயா இருக்கு’ என்றார். நான் மேடானில் எவ்வளவோ சாப்பிட்டும் கண்டுபிடிக்காதது.

சாத்தே பாடாங் கதையையும் சொன்னேன். நண்பன் சொன்ன வரிசையிலேயே, ரசத்தில் தொடங்கி, திருத்தம் வரைக்கும். அம்மா கவனமாகக் கேட்டார். அந்தத் தைரியத்தில் இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். ‘நீங்க சாப்பிட்டதே இல்ல, ஆசையா இருந்ததும் இல்லயா?’

‘ஆசை இல்லாம? சம்பள நாளு டவுனுக்கு வந்தா அந்த வாசத்துலதான் நிப்போம். தாத்தா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாரு.’ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘குச்சி நாங்கதான சீவிக் குடுத்தோம்’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அந்தக் காலத்தில் சாத்தே குத்த தென்னை ஈர்க்குத்தானே. தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து மத்தியானம் பாட்டி தென்னமட்டையைக் கிழித்து ஈர்க்கு எடுத்து, ஒரே அளவில் நறுக்கி, சீவி, நூறு நூறாகக் கட்டுவாராம். ஒரு ஆள் சைக்கிளில் வந்து கடைகளுக்கு வாங்கிப் போவார். அம்மாவுக்கு எட்டு ஒன்பது வயது, எண்ணிக் கட்டுவது அவர் வேலை. பள்ளிக்கூடப் புத்தகமும் காலணியும் அந்தக் காசில்தானாம்.

கோயம்புத்தூர் நண்பருக்கு நான் ஊர்ப் பெருமை பேசியபோது ஜாவாக்காரரைச் சொன்னேன், ஸ்காட்லாந்துத் தீவைச் சொன்னேன். இது எனக்குத் தெரியாது. காஜாங்கில் பிறந்து 28 வருடமாகிறது. அவருடைய பத்தியில் இல்லாதது என்னிடமும் இல்லை. அவரிடம் இதை எழுதிச் சொன்னேன். அடுத்தமுறை வரும்போது முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

அம்மா இன்னும் ஒன்று சொன்னார். சரியாகச் சீவாத குச்சியில் சிலாம்பு நிற்கும். கடைக்காரர்கள் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பாட்டி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு குச்சியாக எடுத்து உதட்டில் இழுத்துப் பார்ப்பாராம்.

‘ஏன் உதட்டுல?’

‘கையி காய்ப்புக் காய்ச்சுப்போயிருக்கும், சிலாம்பு தெரியாது. உதட்டுலதான் தெரியும். சாப்பிடுறவங்க வாயில குத்தக்கூடாதுல்ல.’